ஐந்தரை அடி அகலப் பாதை

போன வருடம் எமது நகரமான ஃப்ரீமான்டுக்கு வந்து சேர்ந்த ஒரு குடும்பம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எமது வீட்டுக்கு வந்திருந்தது. தகப்பன், தாய், பதினோராம் வகுப்பில் படிக்கும் மகள், அவளுக்கு இளையவன் ஒருவன். தேநீர் குடித்து, ஊர்க்கதை எல்லாம் கதைத்து முடிந்தபின் தகப்பனார் மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணை, ரெண்டு வீடு பாத்து வைச்சிருக்கிறம். ஒண்டு பார்ட் ஸ்ரேசனுக்குக் கிட்ட. அறை சின்னன், வாடகையும் கூட. மற்றது தூர. ஆனா வசதியான வீடு. பிள்ளை அடுத்த வருசம் யூனிவர்சிற்றிக்கு எழுதப்போகுது. எதை எடுக்கிறது?"

தாயார் ஒன்றைத்தான் கேட்டார். "கோச்சியிலை போனா பிள்ளை எத்தினை மணிக்கு வீட்டை வரும்?"

அந்தக் கேள்வி எம்மை ஒரு கணம் வாயடைக்க வைத்தது. ஏனென்றால் 2003ஆம் ஆண்டில் இதே வீட்டில், இதே மேசையில் இருந்து நாமும் அதே கேள்வியைத்தான் கேட்டோம். அதற்குச் சரியான விடை எது என்று விளங்க எமக்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்தக் குடும்பத்துக்கு அன்று சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம். புதிதாக வந்து வீடு தேடும் மற்றவர்களுக்கும் இது உதவக்கூடும்.

நாம் ஃப்ரீமான்டுக்கு வந்தது 1991ஆம் ஆண்டில். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றுபோனது. அந்த வருடக் கடைசியில் நாம் வன்னியூடாகச் சில இடம் நடந்தும் சில இடம் லொறியிலும் கொழும்பு வந்து, பிறகு பல இடம் அலைந்து, ஆறு வயது மகளுடன் இங்கே வந்து இறங்கினோம். கையில் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரமும் இல்லை, கார் வாங்கக் காசும் இல்லை. ஆகவே பார்ட் நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இரண்டு அறை கொண்ட ஒரு வாடகை வீட்டை எடுத்தோம். யோசித்துச் செய்த முடிவு அல்ல அது. வேறு வழியில்லாததால் எடுத்த வீடு.

பார்ட் என்பது வளைகுடாப் பகுதி நகரங்களை இணைக்கும் மின்சாரப் புகையிரதம் என்பதைப் புதியவர்களும் இதற்குள் அறிந்திருப்பார்கள். எமது வீட்டில் அதற்குப் பெயர் "கோச்சி"தான். வந்த முதல் கிழமையே மேடையில் நின்று தண்டவாளத்தைக் குனிந்து பார்த்த எம்மில் ஒருவர், "இது எங்கடை அகலமெல்லோ" என்றார். அவர் சிவில் பொறியியல் படித்தவர். பிறகு விசாரித்துப் பார்த்ததில் அது உண்மை என்று தெரிந்தது. அமெரிக்காவின் சாதாரண ரயில் பாதைகளின் அகலம் நாலு அடி எட்டரை அங்குலம். பார்ட் பாதையின் அகலம் ஐந்தரை அடி. இலங்கையின் அகலப் பாதையும், இந்தியாவின் அகலப் பாதையும் அதே ஐந்தரை அடிதான். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே யாழ்தேவி ஓடிய அகலம் அது. ஊரில் அந்தத் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அதே அகலத்தில் ஒரு பாதை எமது வீட்டு வாசலுக்கு அருகே ஓடிக்கொண்டிருந்தது. வேலை தேடி அலைந்த அந்த நாட்களில் இந்தச் சிறு விஷயம் எமக்கு ஏதோ ஒரு ஆறுதலைத் தந்தது.

இந்தப் பாதை தானாக வந்த ஒன்றல்ல. 1962 நவம்பரில் அலமேடா, கொன்ட்ரா கொஸ்டா, சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று மாவட்டங்களின் மக்கள் இதற்காக வாக்களித்தார்கள். 792 மில்லியன் டொலர் கடன் பத்திரத்துக்கு நூற்றுக்கு 60 வீத ஆதரவு வேண்டியிருந்தது. கிடைத்தது 61.2 வீதம். ஒன்றேகால் வீதத்தில் தப்பிய திட்டம் இது. 1972 செப்டெம்பர் 11இல் முதல் வண்டி ஃப்ரீமான்டுக்கும் ஓக்லாந்தின் மக்ஆர்தர் நிலையத்துக்கும் இடையே ஓடியது. 1973 ஜனவரியில் பாதை பெர்க்லியைத் தாண்டி ரிச்மண்ட் வரை போனது. பெர்க்லி மக்கள் தம் நகரை உயர்பாதை இரண்டாகப் பிரித்துவிடும் என்று எதிர்த்து, 1966இல் வாக்களித்து, மேலதிகச் செலவைத் தாமே ஏற்றுப் பாதையை நிலத்துக்குக் கீழே கொண்டுபோனார்கள். இன்றும் பெர்க்லி நிலையத்தில் இறங்கி மாடிப்படி ஏறி வெளியே வந்தால், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மேற்கு வாசல் சில நிமிட நடை. தெற்கே முப்பது மைல் தள்ளி இருக்கும் எமது நகரத்துப் பிள்ளைக்கு இடையில் வண்டி மாறாமல் அந்த வாசலுக்குப் போக முடிகிறது.

அந்த 1973, 1974 காலம் எமக்கு வேறு காரணத்துக்காக நினைவில் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்த காலம். எம்மில் ஒருவரின் தமையனார் நல்ல புள்ளிகள் எடுத்தும் பொறியியலுக்கு இடம் கிடைக்காமல் போனார். எமது தலைமுறைக்குப் பல்கலைக்கழகம் என்பது அறிவின் கோவில் மட்டுமல்ல. கதவு எப்போது சாத்தப்படும் என்று தெரியாத ஒரு வீடு. ஆகவேதான் நம்மவர்களுக்குப் பிள்ளையின் பல்கலைக்கழகக் கடிதம் வந்தால் கை நடுங்குகிறது. இது இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்கப்படுத்தக் கடினமான ஒன்று.

எம் இருவருக்குமே பல்கலைக்கழகமும் புகையிரதமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒருவர் 1977இல் பேராதனைக்குப் போனார். றங்குப்பெட்டி ஒன்று, எள்ளுருண்டைப் போத்தல் ஒன்று, பனங்கட்டிக் குட்டான் ஒன்று. தகப்பனார் கிராமத்துப் பாடசாலை ஆசிரியர். யாழ்ப்பாண நிலையம் வரை வந்து, மகனை வண்டியில் ஏற்றிவிட்டு, "காயிதம் போடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். பொல்காவலையில் இறங்கிக் கண்டி வண்டிக்கு மாற வேண்டும். பேராதனையில் பல்கலைக்கழக வளவை ஒட்டியே சரசவி உயன என்று ஒரு சிறு நிலையம் உண்டு. வருடத்தில் மூன்று தடவைதான் வீட்டுக்கு வருவது. பகிடிவதை, விடுதிச் சாப்பாடு, சிங்கள நண்பர்கள், இரவிரவாக விளக்கைக் கொளுத்தி வைத்துக் கணக்குச் செய்தது, எல்லாம் விடுதியில்தான். விரிவுரையில் விளங்காத பாதியை விடுதி அறையில்தான் விளங்கிக்கொண்டதாக அவர் இன்றும் சொல்வார்.

மற்றவர் 1978இல் யாழ்ப்பாண வளாகத்துக்குப் போனார். 1974இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் தொடங்கிய வளாகம் அது. 1979இல்தான் தனிப் பல்கலைக்கழகமானது. சுன்னாகத்தில் கோச்சி ஏறிக் கொக்குவிலில் இறங்கி, ஒழுங்கைகளால் நடந்து வளாகத்துக்குப் போக வேண்டும். பின்னேரம் விளக்கு வைக்க முன்னர் வீட்டில் நிற்க வேண்டும் என்பது கட்டளை. அந்தக் கட்டளையால்தான் அவர் படிக்கவே முடிந்தது. கொக்குவிலில் ஒரு புகையிரத நிலையம் இருந்திராவிட்டால், அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு விட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கட்டளையாலேயே பின்னேரங்களில் வளாகத்தில் நடந்த நாடக ஒத்திகையையோ விவாத மேடையையோ அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பட்டம் கிடைத்தது. சினேகிதிகள் என்று சொல்லிக்கொள்ள இருவர் மட்டும் கிடைத்தார்கள்.

இப்படி இரண்டு விதமான அனுபவமும் எமது வீட்டிலேயே இருந்தது. ஆயினும் 2003இல் மகளுக்குப் பெர்க்லியில் இடம் கிடைத்தபோது, நாம் இரண்டையும் வைத்து யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையில்லை என்று நினைத்தோம். "விடுதிக்கு ஏன் காசு? கோச்சி வாசலிலை நிக்குது. முக்கால் மணித்தியாலம். போட்டு வா."

காசு என்பது பொய்யான காரணமல்ல. விடுதிச் செலவும் படிப்புக் கட்டணமும் சேர்ந்தால் எமது இரண்டு சம்பளத்திலும் பெரும்பங்கு போய்விடும். கோச்சிக் கூலி அதில் ஒரு சிறு துண்டு. ஆனால் சொன்ன காரணம் காசு, சொல்லாத காரணம் பயம். இருட்டினால் பிள்ளை வீட்டில் நிற்க வேண்டும் என்பது எமக்கு ஊரடங்குச் சட்டமும் சோதனைச் சாவடியும் படிப்பித்த பாடம். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்தும் அது உடம்பை விட்டுப் போகவில்லை. உங்களில் பலருக்கும் இது தெரிந்திருக்கும்.

ஆகவே மகள் காலை ஐந்தரைக்கு எழுந்தாள். புட்டும் சம்பலும் வைத்த சாப்பாட்டுப் பெட்டியோடு ஆறரை வண்டி. யூனியன் சிட்டி, ஹேவர்ட், சான் லியாண்ட்ரோ, ஓக்லாந்து என்று பதின்மூன்றாவது நிலையம் பெர்க்லி. இடம் கிடைத்தால் புத்தகம், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்தபடி நித்திரை. ஒருநாள் நித்திரையில் பெர்க்லியைத் தாண்டி ரிச்மண்டுக்கே போய்விட்டாள். திரும்பும்போது அந்தப் பயம் இல்லை. அப்போது ஃப்ரீமான்ட்தான் கடைசி நிலையம். "எவ்வளவு நித்திரை கொண்டாலும் வீட்டை தாண்டிப் போகேலாது" என்று சிரிப்பாள். பாதை தெற்கே வார்ம் ஸ்பிரிங்ஸ் வரை நீண்டது 2017இல்தான், சான் ஹோசேயின் பெரியெசா வரை போனது 2020இல். ஒவ்வொரு நாள் இரவும் எம்மில் ஒருவர் நிலையப் படியடியில் நிற்போம். மழைக்குக் குடையோடு, குளிருக்குக் கோட்டோடு. அந்த வண்டிச் சத்தம் கேட்டதும் நெஞ்சு இறங்கும்.

அவள் கொண்டுவரும் செய்திகள் இரவுச் சாப்பாட்டு மேசையில் விரியும். பெர்க்லியில் தமிழ் படிப்பிக்கிறார்கள் என்பதே எமக்குப் பெரிய அதிசயம். பேராசிரியர் ஜோர்ஜ் ஹார்ட் 1970கள் தொடக்கம் அங்கே தமிழ் படிப்பித்து வந்தவர். தமிழ் ஒரு செம்மொழி என்று 2000ஆம் ஆண்டில் அறிக்கை எழுதியவர். இந்தப் பகுதித் தமிழர்கள் காசு சேர்த்து 1990களில் அங்கே ஒரு தமிழ் இருக்கையையும் நிறுவினார்கள். வீட்டில் பேச மட்டும் தெரிந்த பிள்ளை, கோச்சியில் போய்த் தமிழ் எழுதப் படித்துவிட்டு வந்தது.

இரண்டாம் வருடத்தில் பொருளியல் விரிவுரை ஒன்றைக் கேட்டுவிட்டு வந்து ஒரு கதை சொன்னாள். அதை நாம் மறக்கவில்லை. பார்ட் ஓடத் தொடங்குமுன் எத்தனை பேர் இதில் வேலைக்குப் போவார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். அதிகார மதிப்பீடு நூற்றுக்கு 15 பேர் என்றது. அதே பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் டானியல் மக்ஃபடன் என்ற பொருளியலாளரும் அவரது குழுவினரும், வேலைக்குப் போகும் எழுநூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் விசாரித்தார்கள். கார், பஸ், புகையிரதம் என்று ஒரு மனிதன் எதை எப்படித் தெரிந்தெடுக்கிறான், அதில் காசு எவ்வளவு பாரம், நடக்கும் நேரம் எவ்வளவு பாரம், காத்திருக்கும் நேரம் எவ்வளவு பாரம் என்று கணித்தார்கள். அவர்கள் சொன்ன விடை 6.3 வீதம். வண்டி ஓடிய பிறகு எண்ணிப் பார்த்தால் 6.2. இப்படி மனிதரின் தெரிவுகளைக் கணிக்கும் முறையை வளர்த்ததற்காக 2000ஆம் ஆண்டில் மக்ஃபடனுக்குப் பொருளியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நகர அமைப்புப் பேராசிரியர் மெல்வின் வெபர் 1976இலேயே, பார்ட் எதிர்பார்த்த அளவு பயன் தரவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். வண்டியின் வேகத்தைவிட, வீட்டு வாசலிலிருந்து போகுமிடம் வரையுள்ள முழு நேரத்தையே மக்கள் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம்.

இதைக் கேட்ட எமக்கு வியப்பு. அரசாங்கம் கட்டும் பாதையை அரசாங்கப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் கணக்குப் பார்த்துக் குறை சொல்லலாம். யாரும் பேராசிரியரை வீட்டுக்கு வந்து விசாரிப்பதில்லை. பாதையும் பல்கலைக்கழகமும் இப்படி ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொள்வதுதான் இந்த நாட்டில் எமக்குப் பிடித்தவற்றில் ஒன்று.

மகள் கதையை முடித்துவிட்டு எம்மைப் பார்த்துக் கேட்டாள். "அந்தக் கணக்கிலை நடக்கிற நேரம் இருக்கு, காத்திருக்கிற நேரம் இருக்கு. அப்பா அம்மாவின்ரை பயத்துக்கு எத்தினை நிமிசம் போடுறது?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தோம். பகிடி அல்ல என்பது அந்தத் தவணை முடிவில் புள்ளிகள் வந்தபோது தெரிந்தது. கணிதத்தில் எப்போதும் முதலில் நிற்கும் பிள்ளை, கணிதத்திலேயே தடுமாறியிருந்தது. நாம் ஏசினோம். "படிப்பிலை கவனமில்லை" என்றோம். அவள் அழவில்லை. ஆறுதலாகச் சொன்னாள்.

"அம்மா, கணக்கு விரிவுரையிலை விளங்கிறேல்லை. பின்னேரம் ஏழு எட்டு மணிக்குப் பிள்ளையள் கூடி இருந்து செய்வினம். அந்த நேரம் நான் கோச்சிக்கு ஓடுறன். நான் யூனிவர்சிற்றிக்குப் போறேல்லை. கோச்சிக்குத்தான் போய் வாறன்."

அன்றிரவு எம் இருவருக்கும் நித்திரை இல்லை. விடுதி அறையில் பாதிப் படிப்பைப் படித்தவரும், விளக்கு வைக்க முன்னர் வீட்டுக்கு ஓடி வந்தவரும் ஒரே கட்டிலில் விழித்திருந்தோம். பேராதனைக்குப் போனவர் கடைசியில் சொன்னார்: "எங்கடை ஐயாவுக்கு முக்கால் மணித்தியாலத்திலை ஒரு கோச்சி இருந்திருந்தா, என்னையும் விட்டிருக்கமாட்டார். இல்லாததாலை தப்பினன்." கொக்குவிலில் இறங்கி நடந்தவர் நெடுநேரம் பேசாமல் கிடந்துவிட்டு, "எனக்குக் கிடைச்சதை நான் குறை சொல்லேல்லை. ஆனா என்ரை பிள்ளைக்கும் அது தானோ?" என்றார்.

பிழை கோச்சியில் இல்லை, பல்கலைக்கழகத்திலும் இல்லை. பிள்ளையைக் கொண்டுபோவதற்கென்று வந்த வண்டியை நாம் பிள்ளையைக் கட்டிவைக்கும் கயிறாக ஆக்கியிருந்தோம்.

2005இல், மூன்றாம் வருடத்துக்கு, அவள் வேறு மூன்று பெண்பிள்ளைகளோடு வளாகத்துக்குக் கிட்ட ஒரு வீட்டில் அறை எடுத்தாள். நூலகத்தில் பகுதிநேர வேலை செய்து வாடகையில் ஒரு பங்கைத் தானே கட்டினாள். முதல் மாதம் வீடு செத்தவீடு போல இருந்தது. இரவு எட்டு மணிக்குக் கால் தன்பாட்டில் நிலையத்தை நோக்கிப் போகப் பார்க்கும். பிறகு ஒன்று விளங்கியது. வெள்ளி இரவு அவள் அதே கோச்சியில் வந்தாள். ஞாயிறு பின்னேரம் ஒரு கிழமைக்குக் காணும் கறிகளோடு அதே கோச்சியில் போனாள். காய்ச்சல் என்றால் ஒரு மணித்தியாலத்தில் நாம் அவள் வாசலில் நின்றோம். பிள்ளை தூரப் போயும் தூரமாகவில்லை. ஒவ்வொரு நாளும் திருப்பிக் கொண்டுவருவதைவிட இதுதான் இந்தப் பாதை எமக்குத் தந்த பெரிய நன்மை என்று இப்போது நினைக்கிறோம். அவள் பட்டம் பெற்று இன்று ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள்.

பயத்தைப் பற்றிச் சொன்னோம். இங்கே இன்னொரு பயமும் உண்டு, நிலநடுக்கம். ஹேவர்ட் பிளவு எனப்படும் நிலப்பிளவு பெர்க்லிப் பல்கலைக்கழக விளையாட்டரங்கின் கீழாகப் போய், மலையடிவாரத்தைப் பிடித்துக்கொண்டு, எமது ஃப்ரீமான்டின் ஊடாகவும் போகிறது. 1868 ஒக்டோபரில் அது பெரிதாக அசைந்தது. அதே வருடம்தான் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் தொடங்கப்பட்டது. பிளவும் பாதையும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. மகள் போய்வந்த காலத்தில் இதை நினைத்தாலே வயிறு கலங்கும். 2012 தொடக்கம் பெர்க்லியின் நிலநடுக்க ஆய்வுகூடம் தரும் முன்னறிவிப்பு பார்ட்டின் கட்டுப்பாட்டோடு இணைக்கப்பட்டிருக்கிறது. நடுக்கத்தின் முதல் மெல்லிய அலையைக் கருவிகள் உணர்ந்ததும், பலத்த அலை வந்து சேருமுன் வண்டிகள் தாமாகவே வேகம் குறைகின்றன. கிடைப்பது சில விநாடிகள்தான். ஆனால் ஓடும் வண்டிக்குச் சில விநாடி பெரிது. பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகும் பாதையைப் பல்கலைக்கழகமே காவல் பார்க்கிறது.

2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் ஓடத் தொடங்கியது. இருபத்து நாலு வருடங்களுக்குப் பிறகு. அடுத்த வருடம் நாம் மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனோம். கோச்சியில் யாழ்ப்பாணம் போய் இறங்கி, மறுநாள் கொக்குவில் நிலையத்தைப் பார்க்கப் போனோம். அங்கிருந்து தாயும் மகளும் பழைய ஒழுங்கைகளால் பல்கலைக்கழகம் வரை நடந்தார்கள். சில மதில்கள் புதியவை, சில வளவுகள் வெறுமை. வாசலில் நின்று தாய், "நான் இதுக்குள்ளை இருட்டினாப் பிறகு ஒருநாளும் நிண்டதில்லை" என்றார். "அப்ப இண்டைக்கு நிப்பம்" என்றாள் மகள். விளக்குகள் எரியத் தொடங்கும்வரை அந்த வாசலடியில் நின்றுவிட்டுத்தான் வந்தார்கள்.

இனி, எமது வீட்டுக்கு வந்த குடும்பத்துக்குச் சொன்ன மறுமொழி.

நிலையத்துக்குக் கிட்ட உள்ள வீட்டையே எடுங்கள் என்றோம். அறை சின்னனென்றால் சாமானைக் குறைக்கலாம், தூரத்தைக் குறைக்க முடியாது. நடந்து போகக்கூடிய வீடென்றால் இரண்டாவது கார் வேண்டியதில்லை. அந்த மிச்சத்தை வாடகையோடு வைத்துக் கணக்குப் பாருங்கள். இந்த ஒரு பாதையில் பல கதவுகள் இருக்கின்றன. ஃப்ரீமான்டிலேயே ஓலோனி சமூகக் கல்லூரி உண்டு. நிலையத்திலிருந்து பஸ்ஸில் போகலாம். அங்கே இரண்டு வருடம் குறைந்த செலவில் படித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்கு மாறும் வழி ஒழுங்காக இருக்கிறது. நம்மவர்களில் சிலர் இதைக் குறைவாக நினைக்கிறார்கள். அது பிழை. முடிவில் கிடைப்பது அதே பட்டம். ஹேவர்டில் இறங்கினால் மேட்டில் இருக்கும் கலிபோர்னியா அரச பல்கலைக்கழகக் கிழக்கு வளைகுடா வளாகத்துக்கு அவர்களே பஸ் விடுகிறார்கள். சான் ஹோசே அரச பல்கலைக்கழகத்துக்குப் பார்ட் இன்னும் போய்ச் சேரவில்லை. பெரியெசாவில் இறங்கி பஸ் எடுக்க வேண்டும். நகர நடுவுக்குப் பாதையை நீட்டும் திட்டம் உண்டு, ஆனால் அதை நம்பி இன்று வீடு எடுக்க வேண்டாம். சான்டா கிளாரா மாவட்டம் 1950களில் பார்ட் திட்டத்தில் சேராமல் விலகியதால் அந்த மாவட்டத்துக்குள் போகப் பாதைக்கு ஏறக்குறைய 48 வருடம் எடுத்தது என்பதை நினைவில் வையுங்கள்.

மாணவர் பயணச் சீட்டைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். பெர்க்லி மாணவர்களுக்கு 1999 தொடக்கம் பஸ்ஸுக்கான பொதுச் சீட்டு உண்டு. 2022இல் பெர்க்லி, சான் ஹோசே, சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகங்களின் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு வளைகுடாப் பகுதியின் எல்லாப் பஸ், புகையிரதத்திலும் போகக்கூடிய ஒரே சீட்டைப் பரீட்சார்த்தமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். உங்கள் பிள்ளைக்கு எது கிடைக்கும் என்பதை அனுமதிக் கடிதத்தோடு வரும் அலுவலகத்திடமே கேளுங்கள். வீட்டு வாடகைப் பத்திரம், மின்சாரக் கட்டணச் சிட்டை எல்லாவற்றையும் திகதி வாரியாகக் கட்டி வையுங்கள். மாநிலத்தவருக்கான கட்டணம் பெறுவதற்கு நீங்கள் எப்போதிருந்து இங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைக் காட்ட வேண்டிவரும்.

இன்னொன்று. குடியுரிமை கிடைத்ததும் வாக்காளராகப் பதியுங்கள். 1962இல் யாரோ முகமறியாதவர்கள் ஒன்றேகால் வீதத்தால் வெல்ல வைத்த பாதையில்தான் எமது மகள் படிக்கப் போனாள். 2020இன் பெருந்தொற்றுக்குப் பின் பயணிகள் குறைந்து இந்தப் பாதை பணநெருக்கடியில் விழுந்தது. நாளைக்கு வரப்போகிற யாரோ ஒரு அகதிப் பிள்ளைக்காக வாக்குப் போடும் கடமை எமக்கும் உண்டு. பாதை ஒன்று இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை எம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தாயார், எழும்பும்போது மீண்டும் அதையே கேட்டார். "எல்லாம் சரி அக்கா, பிள்ளை எத்தினை மணிக்கு வீட்டை வரும்?"

அவரை நாம் குறை நினைக்கவில்லை. அந்தக் கேள்வியோடுதான் நாமும் இரண்டு வருடம் நிலையப் படியடியில் நின்றோம்.

"அதை எங்களைக் கேளாதேங்கோ. பிள்ளையைக் கேளுங்கோ" என்றோம்.

தாய் திரும்பி மகளைப் பார்த்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த பிள்ளை, சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "வெள்ளிக்கிழமை வருவன் அம்மா" என்றது.